ஹார்லாக்ஸ்டனில் ஒரு செமஸ்டர்: மகளை அனுப்பலாமா?

புளியமரத்தடி கேட்டது:

வணக்கம். நான் நெடுஞ்சாலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊர் சங்கரன்கோவில் பக்கம். மகள் அமெரிக்காவில், இண்டியானா மாநிலத்து எவன்ஸ்வில் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போன வாரம் போனில், "அப்பா, அடுத்த ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை இங்கிலாந்தில் படிக்கப் போகிறேன்" என்றாள். கடன் வாங்கி அமெரிக்காவுக்கு அனுப்பினால் இவள் எதற்கு இங்கிலாந்து போகிறாள் என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை.

ஹார்லாக்ஸ்டன் என்று பெயர். படம் அனுப்பினாள். ஜமீன் அரண்மனை மாதிரி இருக்கிறது, கல்லூரி மாதிரி இல்லை. மொத்தமே இருநூறு பேர்கூட இருக்க மாட்டார்களாம். வரலாறு, இலக்கியம் எல்லாம் சேர்த்து நடத்துவார்களாம். மெக்கானிக்கல் படிக்கிற பிள்ளைக்கு அது எதற்கு? இது நிஜமான கல்லூரிதானா? இந்திய பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு இரண்டு நாட்டுக்கு அலைவதில் சிக்கல் வருமா? போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அவளிடம் இன்னும் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

---

இஞ்சிபிஸ்கட் எழுதியது:

வணக்கம் ஐயா. நான் போய் வந்தவள். 2017 ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை அங்கே இருந்தேன். நான் எவன்ஸ்வில் இல்லை, கென்டக்கியில் ஒரு கல்லூரி. ஹார்லாக்ஸ்டனுக்கு எவன்ஸ்வில் தவிர வேறு சில அமெரிக்கக் கல்லூரிகளும் பிள்ளைகளை அனுப்புகின்றன. எனக்கும் இந்திய பாஸ்போர்ட்தான், எஃப்-1 என்கிற அமெரிக்க மாணவர் விசாதான். அதனால் உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதில்தான் நான் அடிபட்டேன்.

நான் செய்த தப்பு இது. அங்கே பொதுவாக வியாழனோடு வகுப்பு முடிந்துவிடும். வெள்ளி, சனி, ஞாயிறு ஊர் சுற்றலாம். சேர்ந்தவர்கள் எல்லாரும் அமெரிக்க பாஸ்போர்ட். நினைத்தால் பாரிஸ், நினைத்தால் பார்சிலோனா. எனக்கு ஷெங்கன் விசா வேண்டும், அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா. லண்டனில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்துவிட்டேன். அங்கே ஒரு நாட்டு விசா மையத்தில் ரயில் செலவெல்லாம் செய்து போய் நின்றால், "நீங்கள் இங்கே குறுகிய காலத்துக்கு வந்திருப்பவர், நீங்கள் வசிக்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும்" என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் இருக்கும்போதே எடுத்திருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை. சொல்ல அவர்களுக்குத் தெரியாது, அவர்களில் ஒருவருக்கும் அது தேவைப்பட்டதில்லையே.

ஆகவே மகளிடம் சொல்லுங்கள்: பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே ஷெங்கனுக்கு விண்ணப்பிக்கலாம், கிளம்புவதற்கு முன்னால் அமெரிக்காவிலேயே முடித்துவிடட்டும். பிரிட்டன் விசா தனி. ஆறு மாதத்துக்குள் படித்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு இப்போது விசிட்டர் விசாவிலேயே இடம் இருக்கிறது. கல்லூரி தரும் கடிதத்தை வைத்து விண்ணப்பிக்கட்டும். ஐ-20யில் (அமெரிக்கக் கல்லூரி தரும் மாணவர் விசாத் தாள்) பயணத்துக்கான கையெழுத்து இருக்கிறதா, பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் அமெரிக்க விசா டிசம்பர் வரை செல்லுமா, இந்த இரண்டையும் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்கட்டும். விசா நடுவில் முடிந்துபோனால் திரும்பி வருவது பெரிய பாடு.

சரி, கல்லூரி நிஜமா என்றால், நிஜம். எவன்ஸ்வில் பல்கலைக்கழகம் 1971இலிருந்து அங்கே நடத்துகிறது. அதற்கு முன் 1960களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் கொஞ்ச காலம் வைத்திருந்தது. லிங்கன்ஷயரில் கிரந்தம் என்று ஒரு சின்ன டவுன், அங்கிருந்து மூன்று மைல் தள்ளி இந்த மாளிகை. மெயின் ரோட்டிலிருந்து வாசலுக்கு நேராக ஒரு மைல் பாதை. பஸ் திரும்பியதும் தூரத்தில் கோபுரங்களோடு அது தெரியும். முதல் நாள் எல்லாரும் வாயைப் பிளந்தோம். மூன்றாவது வாரம் மழையில் அதே பாதையில் நடந்தபோது கட்டியவனைத் திட்டினோம்.

கட்டியவர் பெயர் கிரகரி கிரகரி. ஆமாம், இன்ஷியலும் பெயரும் ஒன்றே. 1830களில் ஆரம்பித்தார். மனைவி இல்லை, பிள்ளை இல்லை, வீடு கட்டுவதுதான் வாழ்க்கை. ஆந்தனி சால்வின் என்ற கட்டடக் கலைஞர் தொடங்கி, வில்லியம் பர்ன் என்பவர் தொடர்ந்து கட்டினார். உங்கள் மகளுக்குப் பிடிக்கும் ஒன்று சொல்கிறேன்: கணப்பு அடுப்புகளுக்கு நிலக்கரி கொண்டுவர செங்கல் பாலம் கட்டி, தண்டவாளம் போட்டு, வீட்டுக்குள்ளேயே தள்ளுவண்டி ஓட்டியிருக்கிறார்கள். சீடர் (Cedar, தேவதாரு மரம்) படிக்கட்டு என்று ஒன்று இருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் துணித் திரையும் குஞ்சமும் தேவதைக் குழந்தைகளும் தொங்கும். எல்லாம் சுதை வேலை. நம் ஊர்க் கோபுரத்துச் சுதைச் சிற்பம் பார்த்துப் பழகிய எனக்கு அது அந்நியமாகவே படவில்லை.

1937இல் இதை வாங்கியவர் வயலட் வான் டெர் எல்ஸ்ட் என்ற அம்மா. அவர் அப்பா நிலக்கரி சுமந்தவர், அம்மா துணி வெளுத்தவர். பிரஷ் இல்லாமல் பூசிக்கொள்ளும் சவரக் க்ரீம் செய்து பணக்காரரானார். தூக்குத் தண்டனை கூடாது என்று சிறை வாசல்களில் ஒலிபெருக்கி வைத்துப் போராடி, கையில் இருந்ததையெல்லாம் கரைத்தார். பிரிட்டனில் கொலைக்குத் தூக்கு நின்றது 1965இல். அடுத்த வருஷம் அந்த அம்மா போய்விட்டார், அப்போது கையில் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. அந்த வீட்டைப் பற்றி நான் படித்ததில் வரும் ஆட்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தவர் இவர்தான்.

படிப்பு: "பிரிட்டிஷ் ஸ்டடீஸ்" என்று ஒரு பாடம், அதுதான் அங்கே பெரிய பாடம். எல்லாருக்கும் பொதுவாக உரை, அப்புறம் பத்துப் பன்னிரண்டு பேராக உட்கார்ந்து ஆங்கிலேய ஆசிரியரோடு விவாதம். கட்டுரை எழுதினால் அமெரிக்காவில் போல எளிதாக ஏ கிடைக்காது. என் முதல் கட்டுரையின் ஓரத்தில் "இதில் உங்கள் வாதம் எது?" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். எட்டுப் பக்கம் எழுதியிருந்தேன்.

இனி ஷெங்கன் இல்லாததால் எனக்கு நடந்தது. வியாழன் சாயங்காலம் ஆனால் சரளைக்கல் மேல் பெட்டிகளை இழுக்கிற சத்தம். அப்புறம் வீடு காலி. முதல் இரண்டு வாரம் அழுகையாக வந்தது. மூன்றாவது வாரம், சரி என்று கிரந்தமுக்குப் போக ஆரம்பித்தேன். செயின்ட் வுல்ஃப்ரம் தேவாலயத்தின் கோபுரம் 282 அடி. அதன் வாசலுக்கு மேல் அறையில் 1598இல் தொடங்கிய நூலகம், புத்தகங்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருக்கிறார்கள். தெற்கே ஏழெட்டு மைலில் நியூட்டன் பிறந்த வுல்ஸ்தார்ப் வீடு. அந்த ஆப்பிள் மரம் 1820இல் காற்றில் சாய்ந்து, சாய்ந்த அடியிலிருந்தே திரும்ப வளர்ந்து நிற்கிறது. நான் போனபோது கீழே ஆப்பிள் கிடந்தது. சாப்பிடவில்லை, எடுத்து மோந்து பார்த்துவிட்டு வைத்தேன்.

அங்கே விருப்பப்பட்ட மாணவருக்கு உள்ளூர்க் குடும்பம் ஒன்றை அறிமுகம் செய்து வைப்பார்கள். எனக்கு ஒரு வயதான தம்பதி. ஞாயிறு மதியம் வந்து காரில் கூட்டிப்போவார்கள். பெரியவர் அதிகம் பேச மாட்டார். நீங்கள் நெடுஞ்சாலைத் துறை என்று எழுதியதால் இதைச் சொல்கிறேன். அவர் கிரந்தமில் ஏவலிங்-பார்ஃபோர்டு ஆலையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். ரோடு ரோலர் செய்த ஆலை. நான் இந்தியா என்றதும் அலமாரியிலிருந்து பின்னங்காலில் எழுந்து நிற்கிற குதிரை பதித்த பித்தளைத் தகடு ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஊரில் நெடுஞ்சாலைத் துறை அலுவலகத்துக்கு முன்னால் துருப்பிடித்து நின்ற ரோலரில் ஏறித்தான் நாங்கள் விளையாடினோம். அதன் மூக்கில் இதே குதிரை. அதற்கு "குருதை வண்டி" என்றுதான் பெயர். அதைச் சொன்னேன். அன்றைக்குத்தான் அவர் பேசினார், இரவு எட்டு மணி வரை.

பாரிஸ் போயிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும், பொய் சொல்லவில்லை. உங்கள் மகள் இரண்டுக்கும் நேரம் வைத்துக்கொள்ளட்டும். எல்லா வாரமும் விமான நிலையத்தில் தூங்கிக் கழித்தவர்களுக்கு கிரந்தமில் ரயில் நிலையம் மட்டும்தான் தெரியும்.

ஒன்று மறந்துவிட்டேன். அங்கிருந்து உங்களுக்கு நாலரை மணி நேர வித்தியாசம்தான், அக்டோபர் கடைசிக்குப் பின் ஐந்தரை. இப்போது போல நடுராத்திரியில் போனுக்குக் காத்திருக்க வேண்டாம்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

மேலே எழுதிய சகோதரி அழகாக எழுதியிருக்கிறார். ஆனால் அண்ணாச்சி, ரோடு ரோலரைப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். நான் டெக்சாஸில் இருக்கிறேன், என் பையனும் மெக்கானிக்கல். அதில் ஒரு பாடம் தவறினால் அடுத்த பாடம் எடுக்க முடியாது, சில பாடங்கள் வருஷத்துக்கு ஒரு தடவைதான் நடத்துவார்கள். அந்த செமஸ்டரில் இங்கே எந்தப் பாடம் விட்டுப்போகிறது, அதை எப்போது பிடிப்பாள், நான்கு வருஷத்தில் முடியுமா என்று ஆலோசகரிடம் எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். ஐந்தாம் வருஷம் என்றால் அதற்கும் கட்டணம் நீங்கள்தான்.

இரண்டாவது, இப்போது கிடைக்கிற உதவித்தொகை அங்கேயும் முழுக்கக் கிடைக்குமா என்று கேளுங்கள். ஊர் சுற்றும் செலவு அதில் வராது, அது தனிப்பை. இங்கே வளாகத்தில் மணிக்கணக்குக்கு வேலை பார்க்கிறாள் என்றால் அந்த வருமானமும் அந்த நான்கு மாதம் நிற்கும். பெரும்பாலும் அமெரிக்கப் பிள்ளைகள், அமெரிக்க மதிப்பெண், அமெரிக்கச் சாப்பாடு, வீடு மட்டும் இங்கிலாந்து. அதற்கு இவ்வளவா என்பது என் கட்சி.

---

இஞ்சிபிஸ்கட் எழுதியது:

அண்ணா சொல்கிற முதல் விஷயம் நூற்றுக்கு நூறு. எழுத்தில் வாங்காமல் போகக்கூடாது. பொறியியல் பிள்ளைகள் அங்கே முக்கியமாக முடிப்பது பொதுப்பாடங்களைத்தான்.

வீடு மட்டும்தான் இங்கிலாந்து, மற்றதெல்லாம் அமெரிக்கா என்பதும் பாதி உண்மை. வளாகத்தை விட்டு இறங்காவிட்டால் முழு உண்மை.

---

நாட்டிங்காம்வாசி எழுதியது:

நான் பக்கத்து ஊர். கிரந்தமிலிருந்து நாட்டிங்காம் ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள், லண்டன் கிங்ஸ் கிராஸ் ஒன்றேகால் மணி நேரத்துக்குள். சாப்பாடு என்றால் மகள் லெஸ்டருக்குப் போகலாம், பெல்கிரேவ் ரோடு முழுக்க குஜராத்திக் கடைகள். தோசை மாவு, கறிவேப்பிலை எல்லாம் கிடைக்கும்.

இங்கே குளிரைவிட இருட்டுதான் ஆளைச் சாய்க்கும். டிசம்பரில் நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஒரு நல்ல மழைக்கோட்டு, தண்ணீர் இறங்காத ஷூ, போதும். குடை வேண்டாம், காற்று பிடுங்கிவிடும். மெயின் ரோட்டில், ஏ607 என்பார்கள், இருட்டியபின் தனியாக நடக்க வேண்டாம். கல்லூரி வண்டியில் போகட்டும், விட்டால் டாக்ஸி.

கிரந்தம் மார்கரெட் தாட்சர் பிறந்த ஊரும்கூட. அப்பா மளிகைக்கடைக்காரர். 2022இல் சிலை வைத்தார்கள், வைத்த இரண்டு மணி நேரத்தில் ஒருவர் முட்டை வீசினார். பத்தடிப் பீடத்தின் மேல் நிற்கிறார். மகள் போனால் அதையும் பார்க்கட்டும்.

---

புளியமரத்தடி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு மகளோடு ஒரு மணி நேரம் பேசினேன். ஆலோசகரிடம் எழுத்தில் கேட்டிருக்கிறாளாம், ஒரு பாடத்தைக் கோடையில் படித்தால் நான்கு வருஷத்தில் முடியும் என்கிறார்களாம். அந்தக் கடிதம் வந்தபின் சரி சொல்கிறேன் என்றேன். ஷெங்கன் விஷயம் அவளுக்கும் தெரிந்திருக்கவில்லை.

இஞ்சிபிஸ்கட் அம்மா, அந்தக் குதிரை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் டிவிஷனில் இரண்டு இருந்தன. ஒன்றை ஏலம் விட்ட கோப்பில் கையெழுத்துப் போட்டவனே நான்தான். டிரைவர் ஒருவர் அந்தக் குதிரைக்கு ஆயுதபூஜை அன்று தனியாகச் சந்தனம் வைப்பார். அந்தப் பெரியவரிடம் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள்.

வீட்டில் கேட்கச் சொன்னார்கள்: பருப்புப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொண்டுபோகலாமா? நெய் ஒரு பாட்டில்?

---

இஞ்சிபிஸ்கட் எழுதியது:

கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் எழுதுகிறேன் ஐயா. அந்தப் பாட்டிதான் படித்துக் காட்ட வேண்டும், பெரியவருக்கு இப்போது கண் சரியில்லை.

பொடியும் ஊறுகாயும் போகும், செக்-இன் பெட்டியில் வைக்கட்டும். ஊறுகாயை இரண்டு உறையில் கட்டச் சொல்லுங்கள், என் ஸ்வெட்டர் ஒன்று எண்ணெயில் போனது. நெய் வேண்டாம், பால் பொருள் உள்ளே விட மாட்டார்கள். லெஸ்டரில் வாங்கிக்கொள்ளலாம்.