சிறைப்பட்டால் ஆயுதங்களையும் பறித்துவிடலாமா?

ஈசூன் வாளேந்தி: சமூக மன்றத்தில் சனிக்கிழமைதோறும் நாங்கள் ஆடும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற, ஆளுக்கொரு கதாபாத்திரம் ஏற்றுப் பகடை உருட்டி ஆடும் கதையாட்டத்தில், பகைவர் எங்களைச் சிறைபிடித்து உடைமைகளையெல்லாம் எடுத்துக்கொண்டதாகக் கதையை நடத்தும் டஞ்சன் மாஸ்டர் அறிவித்துவிட்டார். பகடை உருட்டித் தடுக்கும் வாய்ப்பு யாருக்கும் தரப்படவில்லை. பல மாதங்களாகப் பாடுபட்டுச் சேர்த்ததை ஒரே வாக்கியத்தில் பறிப்பதைச் சாகசம் என்று என்னால் ஏற்க இயலாது.

தேக்கா மாஸ்டர்: இது புதிய வழக்கம் அன்று. இந்த ஆட்டத்துக்காக 1981இல் வெளிவந்த ‘ஏ4’ என்ற ஆயத்தச் சாகசக் கதையிலேயே கதாபாத்திரங்கள் இடுப்புத்துணியோடு நிலவறையில் கிடக்கின்றன. 2015இல் வந்த ‘அவுட் ஆஃப் தி அபிஸ்’ கதையும் சிறையில்தான் தொடங்குகிறது. கையில் வாள் இருக்கும்வரை வாசற்காவலனை வெட்டுவதைத் தவிர யாருக்கும் வேறு யோசனை வருவதில்லை. வாள் போனபின்புதான் அவனுடைய சாவிக்கொத்து, அவன் உணவருந்தும் நேரம், மேலதிகாரியோடு அவனுக்குள்ள மனக்கசப்பு ஆகியவற்றையெல்லாம் ஆட்டக்காரர்கள் விசாரிக்கிறார்கள்.

ஈசூன் வாளேந்தி: நீங்கள் காட்டிய இரண்டும் என் பக்கமே சாய்கின்றன, ஐயா. ‘ஏ4’ போட்டி ஆட்டத்திலிருந்து வந்தது. அங்கே கதாபாத்திரங்களை ஏற்பாட்டாளர்களே ஆயத்தம் செய்து தந்தார்கள். மற்றதில் கதாபாத்திரங்கள் புதியவை, இழப்பதற்கு எதுவும் சேர்ந்திருக்காது. அதைவிட முக்கியமானது, இழப்பு சமமாக விழுவதில்லை என்பது. ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு விதிப்படி, முழுத்தகட்டுக் கவசம் அணிந்த என் வீரனின் காப்பு எண், அதாவது அவனைத் தாக்குபவர் எட்டவேண்டிய எண், 18. கவசம் போனதும் அது 10க்கு இறங்கியது, வெறுங்கையால் குத்தினால் சேதம் 1உடன் வலிமைக் கூட்டல் மட்டுமே. பக்கத்தில் இருந்த மந்திரவாதியோ, மந்திர ஏடு பறிபோன பிறகும், பொருள் எதுவும் தேவைப்படாத தீக்கணை மந்திரத்தை ஏவி, பத்துமுகப் பகடை காட்டும் அளவுக்குச் சேதம் விளைவித்துக்கொண்டிருந்தார். வெறுங்கையாலேயே சண்டையிடும் துறவிக்கு இழப்பென்று சொல்ல ஏதுமில்லை.

ஜூரோங் வாசகி: கணக்கு சரிதான், ஆனால் அதை ஆட்டத்துக்கு முன்பே பார்த்திருக்க வேண்டியவர் டஞ்சன் மாஸ்டர். உடைந்த நாற்காலிக் காலால் அடித்தால்கூடச் சேதத்துக்கு நான்குமுகப் பகடை உண்டு, ஆகவே முதல் அறையிலேயே அப்படி ஒன்றை வீரனுக்காகக் கிடத்தியிருக்கலாம். பறித்தவை எந்தக் கிடங்கில் இருக்கின்றன என்பதும் விரைவிலேயே தெரியவர வேண்டும். அந்த முழுத்தகட்டுக் கவசத்தை மாட்டிக்கொள்ள 10 நிமிடம் பிடிக்கும். காவலர் படிகளில் ஓடிவரும்போது அதை மாட்டுவதா, கேடயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடுவதா என்ற தவிப்புக்காகவே நான் இத்தகைய சாகசங்களை விரும்புகிறேன். சிறைக்கதைக்குச் சம்மதமா என்று மட்டும் முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

தேக்கா மாஸ்டர்: முன்கூட்டியே கேட்டால் திடுக்கிடல் போய்விடும்.

ஈசூன் வாளேந்தி: போகட்டும். கிடங்கு எங்கே இருக்கிறது என்று தெரியாதவரை அடுத்த சனிக்கிழமை என் வீரன் அந்த அறையைவிட்டு நகரப்போவதில்லை.