நாய்க்குட்டிக்கு ஆனல் கிளாண்ட் அடிக்கடி அடைத்துக்கொள்கிறது: சாப்பாட்டை மாற்றினால் சரியாகுமா?

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம், கடலூர்)

எங்கள் வீட்டில் பொம்மி என்று ஒரு பொமரேனியன் குட்டி இருக்கிறாள். வயது 5 மாதம், எடை ஏறக்குறைய 4 கிலோ. ஆசனவாயின் இரு பக்கமும் இருக்கிற சுரப்பிப் பை அவளுக்கு அடிக்கடி நிரம்பிவிடுகிறது. மருத்துவர் அழுத்தி எடுத்துவிட்டால் சில வாரம் நிம்மதி. பிறகு மறுபடியும் கூடத்தில் உட்கார்ந்தவாக்கிலேயே முன்னங்காலால் இழுத்துக்கொண்டு பின்புறத்தைத் தரையில் தேய்க்க ஆரம்பித்துவிடுகிறாள். அம்மா படுக்கிற பாயில் பழுப்பாக ஒரு சொட்டுக் கறை விழுந்தது. அந்த நாற்றம் துறைமுகத்தில் வலை உதறுகிற இடத்தில்கூட இருக்காது.

காலையில் பால் ஊற்றிப் பிசைந்த சோறு, மதியம் கடையில் வாங்கும் குட்டிகளுக்கான உலர் உணவு, இரவு சோறும் வேகவைத்த கோழி ஈரலும். அப்பா டீ குடிக்கும்போது அவருடைய காலடியில் உட்கார்ந்து பிஸ்கட் வாங்கிக்கொள்வாள். காலையில் மலம் உருவோடு வருகிறது, மாலையில் கூழாகப் போகிறது.

மருத்துவர் நார்ச்சத்து சேர்க்கச் சொன்னார். அன்று கூட்டம் அதிகமாக இருந்ததால் எது, எவ்வளவு என்று விவரமாகக் கேட்க முடியவில்லை. பக்கத்து வீட்டில் எலும்பு போட்டால் மலம் இறுகும் என்கிறார்கள். உறவினர் ஒருவர் அறுவை செய்து பையையே எடுத்துவிடச் சொல்கிறார். இவ்வளவு சின்னக் குட்டிக்கு அறுவையா என்று மனம் ஒப்பவில்லை. சாப்பாட்டால் சரிசெய்தவர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். ராத்திரி அவள் திரும்பித் திரும்பி நக்கிக்கொண்டே இருப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

உப்பனாறு (கடலூர் முதுநகர்)

எங்கள் நாட்டு நாய்க்கும் இது இருந்தது. பரங்கிக்காய் வேகவைத்துச் சோற்றில் பிசைந்து போட்டோம், குறைந்தது. ஆனால் முதலில் புழு இருக்கிறதா என்று பாருங்கள். வாலுக்கு அடியில் முடியிலோ படுக்கிற துணியிலோ அரிசிக் குருணை மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தால் அது நாடாப்புழுவின் துண்டு. அதற்கும் இப்படித்தான் தேய்க்கும். தெள்ளுப்பூச்சியை விழுங்குவதால் வருவது அது. புழுவுக்கு மட்டும் மருந்து கொடுத்துவிட்டுத் தெள்ளுப்பூச்சியை விட்டுவைத்தால் திரும்பவும் வரும்.

முத்தியால்பேட்டை (புதுச்சேரி)

கெடிலக்கரை தங்கைக்கு,

நான் கால்நடைத் துறையில் உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மருத்துவர் இல்லை. ஆனால் மருத்துவர்களுக்குப் பக்கத்தில் நின்று குட்டிகளைப் பிடித்துக் கொடுத்தும், இந்தப் பைகளைக் காலி செய்தும் பழக்கம் உண்டு. எங்கள் வீட்டு டாக்ஸ்ஹண்டும் குட்டியில் இதே தொல்லையால் துன்பப்பட்டாள். ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அந்தப் பை எப்படிக் காலியாகிறது என்று தெரிந்தால் மீதியெல்லாம் புரிந்துவிடும். ஆசனவாயைக் கடிகார முகமாக வைத்துக்கொண்டால் 4 மணிக்கும் 8 மணிக்கும் நேராகத் தோலுக்கு அடியில் பக்கத்துக்கு ஒரு பை. மலம் கெட்டியாக இறங்கும்போது இரு பக்கமும் நெருக்கும். பையிலிருக்கும் திரவம் மெல்லிய குழாய் வழியாகச் சிறிது கசிந்து மலத்தோடு போய்விடும். கூழாகப் போனால் நெருக்க ஆளில்லை. திரவம் உள்ளேயே தங்கிக் களிம்பாக இறுகிக் கடைசியில் குழாயை அடைத்துக்கொள்ளும். மருத்துவர் அழுத்தி எடுப்பது அன்றைய பாரத்தை இறக்குவதற்கு. மலம் இளகலாகவே போய்க்கொண்டிருந்தால் பை மறுபடி நிரம்பத்தான் செய்யும். மாலையில் கூழாகப் போகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, நானாக இருந்தால் அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்வேன்.

நார்ச்சத்தைச் சேர்ப்பதற்கு முன்னால் பாலை நிறுத்துங்கள். தாய்ப்பால் மறந்த குட்டிக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கிற திறன் குறைந்துகொண்டே போகும். செரிக்காத லாக்டோஸ் குடலில் நீரை இழுத்து மலத்தை இளக்கிவிடும். அடுத்தது ஈரல். ஈரல் சத்துள்ளதுதான், வாரத்தில் ஓரிரு முறை சிறு துண்டு கொடுக்கலாம். தினமும் இரவு அதுவே கறியாக இருந்தால் மலம் இளகும், வைட்டமின் ஏ-யும் உடம்பில் மிகும். அப்பாவிடம் பிஸ்கட்டையும் கேட்டு வாங்கிவிடுங்கள். 4 கிலோ குட்டிக்கு நான்கு பிஸ்கட் என்பது சின்ன விஷயமில்லை. எடை கூடினாலும் இந்தத் தொல்லை கூடும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வளரும் குட்டிக்குச் சோறும் கறியும் மட்டும் போட்டு வளர்க்காதீர்கள். கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. உடம்பு தனக்கு வேண்டிய கால்சியத்தை எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். காலை மேசைமேல் வைத்தாலே முறிகிற குட்டிகளைப் பார்த்திருக்கிறேன். அதனால் குட்டிகளுக்கான உலர் உணவையே மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். நாள் ஒன்றுக்கு எவ்வளவு என்று உணவுப் பையின் பின்புறத்தில் எடை வாரியாக அட்டவணை இருக்கும். ஒரே நாளில் மாற்றினால் அதற்கும் வயிறு போகும். 7 முதல் 10 நாளில் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டுங்கள்.

மலம் ஓரளவு நிலைக்கு வந்தபின் பரங்கிக்காய். உங்கள் ஊர் பான்பரி மார்க்கெட்டில் கீற்றாக வெட்டி வைத்திருப்பார்கள். தோலும் விதையும் நீக்கி, உப்பில்லாமல், தாளிக்காமல் ஆவியில் வேகவைத்து மசியுங்கள். விரலால் நசுக்கினால் நார் தெரிய வேண்டும், தண்ணீர் வடியக் கூடாது. பொம்மிக்கு ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி போதும். சாம்பாரில் கிடக்கிற பரங்கித் துண்டை எடுத்துப் போடாதீர்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும்.

ஒரு வாரம் பார்த்தும் போதவில்லை என்றால் இசப்கோல் உமி. கால் தேக்கரண்டியை நிறையத் தண்ணீரில் ஊறவைத்து, அது வழுவழுவென்று உப்பிய பிறகு உணவில் கலந்து நாளுக்கு ஒரு முறை கொடுங்கள். உலர்ந்த உமியைத் தூவிக் கொடுத்தால் அது குடலிலுள்ள நீரை உறிஞ்சி மலச்சிக்கலாக்கிவிடும், பக்கத்தில் எப்போதும் குடிநீர் இருக்க வேண்டும். தொடங்கும் முன் அளவை உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நார்ச்சத்து நல்லது என்று அள்ளிப் போட்டால் வாயு சேரும், மலம் பழையபடி இளகும், குட்டிக்குப் போய்ச் சேர வேண்டிய தாதுச்சத்தும் வீணாகும்.

எலும்பு வேண்டவே வேண்டாம். குழம்பில் வெந்த கோழி எலும்பு கூராகப் பிளந்து குடலைக் குத்தும். மலம் இறுகும் என்பது உண்மைதான், சுண்ணாம்புக் கட்டியாக இறுகி வெளியே வராமல் குட்டி முக்கி முக்கி அழும். அறுவையைப் பற்றி இப்போது நினைக்காதீர்கள். எல்லாம் செய்து பார்த்தும் கேட்காத நாய்களுக்கு மருத்துவர் ஆலோசித்துச் செய்வது அது. அங்கேயுள்ள நரம்போ தசையோ பழுதுபட்டால் மலத்தை அடக்கும் திறன் போய்விடும்.

கெடிலக்கரை

அக்கா, உங்கள் பதிலை அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். பால் அன்றே நின்றது. அப்பா பிஸ்கட் டப்பாவை அலமாரியின் மேல் தட்டில் ஏற்றிவிட்டார். புழுத் துண்டு எதுவும் தென்படவில்லை.

இரண்டு சந்தேகம். பொம்மி முன்னங்கால் பாதத்தையும் அடிக்கடி நக்குகிறாள், விரல் இடுக்கில் வெள்ளை முடி துருப்பிடித்த நிறத்துக்கு வந்துவிட்டது. காதையும் சொறிகிறாள். இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா? இன்னொன்று, பையை வீட்டிலேயே காலி செய்யக் கற்றுக்கொள்ளலாமா?

தேங்காய்த்திட்டு (புதுச்சேரி)

கற்றுக்கொள்ளுங்கள், ஒன்றும் கஷ்டமில்லை. நான் குளிப்பாட்டும்போதெல்லாம் வாலைத் தூக்கி இரு பக்கமும் அழுத்தி எடுத்துவிடுவேன். வாரம் ஒரு முறை எடுத்துவிட்டால் சேரவே சேராது.

முத்தியால்பேட்டை

தேங்காய்த்திட்டுத் தம்பி, உங்கள் நாய்க்குத் தொல்லை இல்லாதபோது வாரந்தோறும் அழுத்துவதை விட்டுவிடுங்கள். நிரம்பாத பையைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் அந்த இடம் கன்றி வீங்கும். வீக்கத்தாலேயே குழாய் குறுகிப் பிறகு நிஜமாகவே அடைத்துக்கொள்ளும். தானாகக் காலியாகிற பையைத் தொடவே தேவையில்லை.

தங்கைக்கு: கற்றுக்கொள்ளலாம், ஆனால் மருத்துவர் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக் காட்டிய பிறகு. நிரம்பிய பை தோலுக்கு அடியில் ஒரு சிறு திராட்சை அளவில் உருண்டையாகத் தட்டுப்படும். கையுறை போட்டு, ஈரப் பஞ்சை ஆசனவாய்மேல் வைத்து, உருண்டைக்கு அடியிலிருந்து மேல்நோக்கியும் உள்நோக்கியும் மெதுவாக அழுத்த வேண்டும். மெல்லிய பழுப்புத் திரவம் வந்தால் சரி. பற்பசை மாதிரிக் கெட்டியாக வந்தாலோ, எதுவும் வராமல் குட்டி துடித்தாலோ அதோடு நிறுத்திவிடுங்கள். சீழ், இரத்தம், ஆசனவாய்க்கு ஒரு பக்கம் மட்டும் சிவந்த வீக்கம், உட்காரும்போது கத்துவது, சாப்பிடாமல் சுருண்டு படுப்பது, இவற்றில் எதைப் பார்த்தாலும் கையே வைக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோய்விடுங்கள். உள்ளே சீழ்கட்டினால் தோல் கிழிந்து வெளியே உடையும். பரங்கிக்காயால் அதைச் சரிசெய்ய முடியாது.

பாதம், காது பற்றிச் சொன்னது முக்கியமான செய்தி. பாதத்தை நக்குவது, காது அரிப்பது, பின்புறம் தேய்ப்பது மூன்றும் சேர்ந்து வந்தால் ஒவ்வாமையாக இருக்கலாம். எச்சில் பட்டுப் பட்டுத்தான் வெள்ளை முடி அந்த நிறத்துக்கு வருகிறது. ஒவ்வாமையால் தோல் வீங்கும்போது பையின் குழாயும் வீங்கி அடைக்கும். அப்படியானால் நார்ச்சத்து பாதி வேலையைத்தான் செய்யும்.

உணவு ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் காரணம் புரதம். நாய்களுக்கு மாட்டிறைச்சி, பால், கோழி ஆகியவைதான் அடிக்கடி ஒத்துக்கொள்ளாமல் போகும். பொம்மிக்கு ஈரலும் கோழி, உலர் உணவிலும் கோழி இருக்கும், உணவுப் பையைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். இதை உறுதிசெய்ய நம்பகமான வழி ஒன்றே: இதுவரை சாப்பிடாத ஒரே புரதம், அல்லது புரதத்தைச் சிறு துணுக்குகளாக உடைத்துத் தயாரித்த மருத்துவ உணவு. 8 வாரம் அதைத் தவிர வேறு எதுவும் வாய்க்குள் போகக் கூடாது. ஒரு பிஸ்கட்கூடக் கணக்கைக் கெடுக்கும், இறைச்சிச் சுவையூட்டிய மாத்திரைகூடக் கெடுக்கும். அரிப்பு அடங்கினால் பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். மறுபடி அரிப்பு வந்தால்தான் முடிவு உறுதி.

கடலூரில் மீனுக்குப் பஞ்சமில்லை, ஆகவே மீனும் சோறும் போட்டுவிடலாமே என்று தோன்றும். வளர்ந்த நாய்க்கு அதைச் செய்யலாம். 5 மாதக் குட்டிக்கு 8 வாரம் அது மட்டும் என்றால் நான் முன்னே சொன்ன கால்சியக் குறை வந்துவிடும். கால்சியம் எவ்வளவு சேர்ப்பது என்று கணக்குப் போட்டுத் தர மருத்துவர் வேண்டும். புதுச்சேரி குரும்பாபேட்டில் இருக்கிற ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி நிறுவனத்தின் மருத்துவமனைக்கு ஒரு நாள் காலையிலேயே புறப்பட்டு வாருங்கள். பொம்மி என்ன சாப்பிடுகிறாள், மலம் எப்படி இருக்கிறது என்று தேதி போட்டு எழுதிக் கொண்டுவந்தால் அவர்களுக்கு வேலை எளிது. அதுவரை பால் நிறுத்தியதைத் தொடருங்கள், சில நாள் கழித்துப் பரங்கிக்காயைச் சேருங்கள். இரண்டையும் ஒரே நாளில் ஆரம்பித்தால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போகும்.

உப்பனாறு

குறுக்கே ஒன்று. கருவாட்டுத் தலையை ஆசைக்குப் போடுகிறவர்கள் நம் பக்கத்தில் நிறைய. அதிலுள்ள உப்பு குட்டிக்கு ஆகாது.

கெடிலக்கரை

சில வாரம் கழித்து எழுதுகிறேன். பால் நின்றவுடனேயே மாலை மலம் பாதி சரியானது. பரங்கிக்காய் சேர்த்தபின் இரண்டு வேளையும் உருவோடு போகிறாள், தரையில் ஒட்டாமல் காகிதத்தால் எடுத்துவிட முடிகிறது. தேய்ப்பது மிகவும் குறைந்துவிட்டது. போன முறை மருத்துவர் தொட்டுப் பார்த்துவிட்டுப் பை மெத்தென்று இருக்கிறது, அழுத்தவே வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். அம்மாவுக்குத்தான் மிகுந்த சந்தோஷம்.

ஆனால் பாதம் நக்குவது அப்படியே இருக்கிறது. குரும்பாபேட்டுக்கு அடுத்த வாரம் வருகிறோம், குறிப்பு நோட்டு தயார். இப்போது மார்க்கெட்டில் நல்ல பரங்கிக்காய் வரவில்லை, நீர்த்தே இருக்கிறது. சர்க்கரைவள்ளிக் கிழங்கு கொடுக்கலாமா, அக்கா?

முத்தியால்பேட்டை

கொடுக்கலாம். தோல் சீவி நன்றாக வேகவைத்து, அளவைப் பாதியாக்கி அரைத் தேக்கரண்டி கொடுங்கள். பரங்கியைவிட அதில் மாவுச்சத்து அதிகம், எடை ஏறும். விலா எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், முடி அடர்த்தியான குட்டி என்பதால் கண்ணால் பார்த்துத் தெரியாது, தடவித்தான் பார்க்க வேண்டும். மருத்துவமனைக்கு வரும்போது உலர் உணவுப் பையின் பின்புறத்தைப் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். அதில் என்னென்ன புரதம் என்றுதான் முதலில் கேட்பார்கள்.