ஈடிபஸிடம் அப்படி என்ன குறை?

இளவேனில்:

வணக்கம். சின்னக் கேள்வி என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன், இரண்டு வாரமாக என்னை விடமாட்டேன் என்கிறது. பாடத்தில் கிரேக்கத் துன்பியல் நாடகங்கள் படிக்கிறோம். ஒவ்வொரு நாயகனிடமும் ஒரு குணக்குறை இருக்கும், அதுதான் அவனை வீழ்த்தும், ஈடிபஸுக்கு அது அகந்தை என்று சொல்லிக்கொடுத்தார்கள். தேர்வில் அப்படியே எழுதினால் மதிப்பெண் வந்துவிடும், அது பிரச்சினை இல்லை. ஆனால் சோபக்ளிஸின் ‘ஈடிபஸ் மன்னன்’ நாடகத்தை இரண்டு முறை முழுதாகப் படித்துவிட்டேன், அந்த அகந்தை என் கண்ணில் படவே இல்லை. அப்பாவைக் கொல்வாய், அம்மாவை மணப்பாய் என்று அப்போலோ தெய்வத்தின் கோயிலான டெல்ஃபியில் குறி சொல்கிறார்கள். பெற்றோர் என்று தான் நம்பியவர்களுக்குத் தன்னால் கேடு வரக்கூடாதென்று அவன் தான் வளர்ந்த கொரிந்து நகரின் பக்கமே திரும்பாமல் போய்விடுகிறான். நல்ல பிள்ளை வேறு என்ன செய்வான்? பிறகு தான் ஆளும் தீப்ஸ் நகரில் கொள்ளைநோய் பரவும்போது மக்களிடம், நீங்கள் அவரவர் துயரத்துக்காக அழுகிறீர்கள், நான் ஊருக்கும் எனக்கும் உங்களுக்கும் சேர்த்து அழுகிறேன் என்கிறான். இவனையா அகந்தை பிடித்தவன் என்பது? நான் எதையாவது தவறவிட்டேனா?

மறுகரை:

நீங்கள் எதையும் தவறவிடவில்லை. ‘குணக்குறை’ என்ற சொல்தான் எல்லோரையும் வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது.

வகுப்பில் குணக்குறை என்று சொல்வதற்குக் கிரேக்கத் தத்துவஞானி அரிஸ்டாட்டில் எழுதிய சொல் ஹமார்டியா. அம்பு குறி தப்பிப் போவதைச் சொல்லும் கிரேக்க வினையிலிருந்து வந்தது. தமிழில் நமக்குக் குறை வேறு, பிழை வேறு, குற்றம் வேறு இல்லையா? குறை ஒருவரிடம் இருப்பது, பிழை ஒருவர் செய்வது. ஹமார்டியா பிழைக்குத்தான் பக்கத்தில் வரும். நாடக இலக்கணம் பேசும் தன் ‘கவிதையியல்’ நூலின் 13ஆம் அத்தியாயத்தில் அவர் சொல்வது இதுதான்: முழு நல்லவன் வீழ்ந்தால் பார்ப்பவனுக்கு மனம் கசந்துபோகும், கொடியவன் வீழ்ந்தால் இரக்கம் வராது, ஆகவே இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஒருவன், தீய குணத்தால் அல்லாமல், ஏதோ ஒரு ஹமார்டியாவால் வீழ வேண்டும். தீய குணத்தால் அல்ல என்று அவரே சொல்லிவிட்டு, உதாரணமாக ஈடிபஸையும், தன் பிள்ளைகளின் கறியையே அறியாமல் உண்ட தையெஸ்டிஸையும் காட்டுகிறார். அப்புறம் எப்படி அது அகந்தை ஆனது என்று எனக்கு இன்றைக்கும் ஆதங்கம்தான்.

இன்னொன்று, சோபக்ளிஸ் இறந்தது கிமு 406 வாக்கில். அரிஸ்டாட்டில் பிறந்தது கிமு 384. நாடகங்கள் முதலில், இலக்கணம் பிறகு. ஒரு குறையைப் பொருத்திவிட்டு அதற்கேற்ப நாயகனைச் செய்வோம் என்று சோபக்ளிஸ் உட்கார்ந்து எழுதவில்லை.

சரி, ஈடிபஸின் அம்பு எங்கே தப்பியது? நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் ஒன்று உண்டு. அவன் டெல்ஃபிக்குப் போனதே, ஒரு விருந்தில் குடித்திருந்த ஒருவன் ‘நீ உன் அப்பாவுக்குப் பிறந்தவன் இல்லை’ என்று சொல்லிவிட்டதால்தான். வளர்த்தவர்கள் கோபப்பட்டு மறுத்தார்கள், ஆனாலும் அந்தச் சொல் அவனை அரித்துக்கொண்டே இருந்தது. என் பெற்றோர் யார் என்று கேட்கப் போகிறான். அப்போலோ அந்தக் கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை, வேறொரு பயங்கரத்தைச் சொல்லி அனுப்பிவிடுகிறார். அந்தத் திகிலில் அவன் கேட்க வந்த கேள்வியே அடிபட்டுப் போகிறது! கொரிந்தில் இருப்பவர்தான் அப்பா என்று வைத்துக்கொண்டே அவரிடமிருந்து விலகி நடக்கிறான், நேராக மூன்று பாதை கூடும் இடத்தில் சொந்த அப்பா லாயஸ் எதிரே வருகிறார். அப்பாவைத் தவிர்க்கப் போட்ட வழி அப்பாவிடமே கொண்டுபோய் விட்டது. இதற்கு அகந்தை தேவையே இல்லை, ஒரு மனிதனின் பயம் போதும்.

நடுச்சாமம்:

மறுகரை சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன், ஆனால் ஈடிபஸை இவ்வளவு வெள்ளையடிக்க வேண்டாம். அந்த மூன்று பாதைச் சந்திப்பில் என்ன நடந்தது என்று அவனே, மனைவியும் உண்மையில் பெற்ற தாயுமான ஜொகாஸ்டாவிடம் சொல்கிறானே. வண்டியில் வந்தவர்கள் அவனை வழியைவிட்டுத் தள்ளினார்கள், இவன் கோபத்தில் வண்டிக்காரனை அடித்தான், கிழவர் தார்க்கோலால் இவன் தலையில் போட்டார், இவன் தடியால் திருப்பி அடித்ததில் அவர் செத்து விழுந்தார். அத்தோடு நிற்கவில்லை, எல்லோரையும் கொன்றேன் என்கிறான். (ஒருவன் தப்பியது அவனுக்குத் தெரியாது, அந்த ஒருவன்தான் கடைசியில் உண்மையைச் சொல்லப்போகிற ஆள்.) உன் கையால் அப்பா சாவார் என்று குறி கேட்டுவிட்டு வருகிறவன், வழியில் அப்பா வயதுள்ள ஒருவரைப் பார்த்தால் கை ஓங்கலாமா? குருட்டுக் குறிசொல்லி டைரீசியஸ் பேச மறுத்ததும் நீதான் சதிகாரன் என்று பாய்வதும், சாட்சி எதுவும் இல்லாமல் ஜொகாஸ்டாவின் தம்பி கிரியோனைக் கொன்றே தீரவேண்டும் என்பதும் அதே சுபாவம்தான்.

ஆனால் யோசித்தால் அவனை முடிக்கிறது அந்தக் கோபம் இல்லை. ஒரு கேள்வி எழுந்தால் விடைவரை போகாமல் அவனால் இருக்க முடியாது. தீப்ஸை வதைத்த அரக்கி ஸ்பிங்க்ஸின் புதிரை அவிழ்த்து ஊரைக் காப்பாற்றியதும் அந்தக் குணம்தான். ஜொகாஸ்டா எல்லோருக்கும் முன்னால் புரிந்துகொண்டு, போதும், இதற்கு மேல் தேடாதே என்று கெஞ்சுகிறாள். சந்திப்பில் தப்பிய அந்த ஆளான இடையனும் கெஞ்சுகிறான், சொல்லக் கூடாததன் விளிம்பில் நிற்கிறேன் என்கிறான், ஈடிபஸ் நானும் கேட்கக் கூடாததன் விளிம்பில்தான் நிற்கிறேன், ஆனாலும் கேட்டாக வேண்டும் என்கிறான். அந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு உடம்பு நடுங்கும். இதைக் குறை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஓடைக்கல்:

அகந்தை பற்றி மட்டும் ஒரு வரி. வகுப்பில் அதற்குச் சொல்லும் கிரேக்கச் சொல் ஹூப்ரிஸ். ஏதென்ஸில் அது சட்டத்தில் இருந்த குற்றம், ஒருவரை அவமானப்படுத்துவதற்காகவே தாக்குவது. அடிமையிடம் அப்படி நடந்தாலும் வழக்குத் தொடுக்கலாம். சும்மா தலைக்கனம் என்று மொழிபெயர்த்தால் பாதிதான் வரும்.

இளவேனில்:

எல்லோருக்கும் மிக்க நன்றி, விருந்தில் குடிகாரன் சொன்ன வரியை நான் வேகமாகத் தாண்டிப் போயிருக்கிறேன். அப்படியென்றால் ‘ஆண்டிகனி’யில், ஈடிபஸின் மகன் பாலினைசிஸைப் புதைக்கத் தடைபோட்டு, மீறிய மகள் ஆண்டிகனியைக் குகையில் அடைக்கும் கிரியோன்? அவன் பிடிவாதக்காரன்தானே? அப்புறம் கணவனைப் பழிவாங்கத் தன் பிள்ளைகளையே கொல்லும் மீடியா, அவள் எல்லாம் தெரிந்தே செய்கிறாளே?

மறுகரை:

கிரியோனிடம் குணக்குறை இருக்கிறது, அதை மறுக்கவே முடியாது. வெள்ளத்தில் வளைந்து கொடுக்கும் மரம்தான் கிளையைக் காப்பாற்றிக்கொள்ளும் என்று பெற்ற மகன் ஹேமோனே சொல்லியும் கேட்கவில்லை. ஆனால் டைரீசியஸ் வந்துபோன பிறகு அவன் மனம் மாறிவிடுகிறான், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஊர்ப் பெரியவர்களாக வரும் பாடகர் குழுவான கோரஸ் அவனுக்குச் சொல்லும் வரிசையைக் கவனியுங்கள்: முதலில் போய்க் குகையிலிருக்கும் பெண்ணை விடுவி, பிறகு கிடக்கும் பிணத்துக்குக் கல்லறை எழுப்பு. அவன் முதலில் பாலினைசிஸின் உடலைக் கழுவி, எரித்து, மண்மேடு எழுப்பிவிட்டுத்தான் குகைக்குப் போகிறான். அதற்குள் ஆண்டிகனி தூக்கில் தொங்கிவிட்டாள். அடுத்து மகன், அடுத்து மனைவி. பிடிவாதம் போன பிறகுதான் அம்பு தப்புகிறது.

மீடியாவை இந்தச் சட்டகத்துக்குள் அடைக்க முடியாது என்றே நினைக்கிறேன். நான் செய்யப்போவது எவ்வளவு தீமை என்று தெரிகிறது, ஆனால் என் சினம் என் யோசனைகளைவிட வலியது என்று அவளே சொல்கிறாள். அறியாமையில் நடந்தது என்று எதுவும் இல்லை. பிள்ளைகளைக் கொன்றுவிட்டுச் சூரியனின் தேரில் தப்பியும் போகிறாள். கிமு 431 நாடகப் போட்டியில் அதை எழுதிய யூரிப்பிடிஸுக்குக் கிடைத்தது மூன்றாம் இடம், அதாவது கடைசி. அரிஸ்டாட்டிலும் அந்த முடிவைக் கதைக்குள்ளிருந்து வராத முடிவு என்று குறை சொல்லியிருக்கிறார். எனக்கு அந்த நாடகம் மிகவும் பிடிக்கும்.

நடுச்சாமம்:

இளவேனில், தேர்வுக்கு முன்னால் நேரம் கிடைத்தால் ‘கொலோனஸில் ஈடிபஸ்’ படித்துவிடுங்கள். சோபக்ளிஸ் தொண்ணூறு வயதை ஒட்டி எழுதியது, அவர் இறந்த பிறகு கிமு 401இல் பேரன் மேடையேற்றினார். உங்கள் கேள்விக்கு அதில் ஈடிபஸே பதில் சொல்கிறான். கண்ணில்லாமல், மகள் கையைப் பிடித்து அலைகிற கிழவன், பழைய பாவத்தைச் சொல்லி ஏசுகிற கிரியோனைப் பார்த்துக் கேட்கிறான்: இப்போதே இங்கே ஒருவன் உன்னைக் கொல்ல வந்தால், நீ என் அப்பாவா என்று விசாரிப்பாயா, உடனே திருப்பி அடிப்பாயா?