ஜப்பான் டிரிப்ல பச்சிங்கோ ஆடிப் பாக்கணும், பாஷை தெரியாது, யாராச்சும் சொல்லுங்க

கோவை_பயணி:
எல்லாருக்கும் வணக்கம். நவம்பர்ல ஜப்பான் போறோம், நான், வீட்ல, 9 வயசு பையன், அப்புறம் என் தம்பி. டோக்கியோ ஒரு வாரம், ஒசாகா நாலு நாள். கோயில், ஃபுஜி மலை, புல்லட் ட்ரெயின் எல்லாம் பிளான் பண்ணியாச்சு, ஆனா எனக்கும் தம்பிக்கும் ரொம்ப நாளா இந்த பச்சிங்கோ (சின்ன இரும்பு குண்டு விட்டு ஆடற சூதாட்ட மிஷின்) கடைக்குள்ள ஒரு தடவையாவது போய் உக்காந்து பாக்கணும்னு ஆசை. வீடியோவுல பாத்தா வரிசையா மிஷின், எல்லாரும் கைய ஒரு பிடியில வெச்சுட்டு அசையாம உக்காந்திருக்காங்க, குண்டு கொட்டிட்டே இருக்கு, என்ன நடக்குதுன்னே புரியல. சந்தேகம் என்னன்னா, வெளிநாட்டுக்காரங்கள உள்ள விடுவாங்களா, பையன கூட்டிட்டு போலாமா, எவ்வளவு காசு எடுத்துட்டு போறது, ஜெயிச்சா காசு தருவாங்களா இல்ல பொருளா தருவாங்களா, அங்க சூதாட்டம் சட்டப்படி தப்புன்னு வேற சொல்றாங்களே, போலீஸ் பிரச்சனை ஏதும் வருமா? ஜப்பானிய மொழி ஒரு எழுத்து கூட தெரியாது. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

நிஷிகசாய்_வாசி:
வாங்க ப்ரோ. நான் டோக்கியோவுல நிஷிகசாய்ல 11 வருஷமா இருக்கேன், ஊர்ல இருந்து வர்ற சொந்தக்காரங்க பாதி பேரு இதே கேள்விய கேட்டிருக்காங்க, அதனால கொஞ்சம் விரிவாவே எழுதறேன்.

முதல்ல பையன் விஷயம். 18 வயசுக்கு கீழ உள்ளவங்களுக்கு கண்டிப்பா அனுமதி கிடையாது, அப்பா கூட வந்தாலும் சரி, சும்மா நின்னு வேடிக்கை பாக்கறேன்னாலும் சரி, வாசல்லயே நிறுத்திடுவாங்க. பையன ரோட்டுல, கார்ல உக்கார வெச்சுட்டு நாம உள்ள போறதும் வேண்டவே வேண்டாம், கார்ல விட்டுட்டு போன குழந்தைங்க வெயில்ல செத்த கொடுமை எல்லாம் இங்க நடந்திருக்கு, அதுக்காகவே கடைக்காரங்க பார்க்கிங்க சுத்தி வந்து பாப்பாங்க. அன்னைக்கு வீட்லயும் பையனும் வேற எங்கயாவது போகட்டும், நீங்களும் தம்பியும் மட்டும் போங்க. வெளிநாட்டுக்காரங்கன்னு தடுக்க மாட்டாங்க. பாஸ்போர்ட் கையில இருக்கட்டும், டூரிஸ்ட் எப்பவும் வெச்சிருக்கணும்ங்கறதுதான் இங்க சட்டமே.

உள்ள போனதும் சத்தம் அப்படியே அறையும், தயாரா போங்க. நான் முதல் தடவை பத்து நிமிஷத்துல வெளிய வந்துட்டேன், இப்ப காதுல பஞ்சு மாதிரி இயர்ப்ளக் வெச்சுட்டுத்தான் போவேன். சிகரெட் புகை முன்னாடி தாங்காது, 2020 ஏப்ரல்ல சட்டம் மாத்தினதுக்கு அப்புறம் மிஷின்கிட்ட உக்காந்து சிகரெட் பிடிக்க முடியாது, தனி ரூம் இருக்கு.

இப்ப முக்கியமானது, ரேட். குண்டு நம்ம சைக்கிள் பால்ரஸ் மாதிரி 11 மில்லிமீட்டர் இரும்பு குண்டு, அத கடை நமக்கு வாடகைக்கு தர்ற மாதிரி கணக்கு. சாதா ரேட் ஒரு குண்டு 4 யென், அதாவது 1000 யென்னுக்கு 250 குண்டு. மிஷின் நிமிஷத்துக்கு 100 குண்டு வரைக்கும் அடிக்கும், அப்ப கணக்கு போட்டுக்குங்க, ஒண்ணுமே திரும்ப வரலன்னா ரெண்டரை நிமிஷத்துல 1000 யென் காலி. புதுசா போறவங்க நேரா இதுல போய் உக்காந்துட்டு அஞ்சு நிமிஷத்துல முகம் வாடி எந்திரிச்சு வருவாங்க. அதே கடையில 1 யென் பகுதின்னு தனியா இருக்கும், சில சமயம் வேற மாடியில இருக்கும், தலைக்கு மேல போர்டுல பெருசா 1ன்னு எண் போட்டிருக்கும். அங்க போங்க. அதே மிஷின்தான், அதே ஆட்டம்தான், காசு மட்டும் நாலுல ஒரு பங்கு.

ஆடறது எப்படின்னா, ரெண்டு மிஷினுக்கு நடுவுல நோட்டு போடற ஓட்டை இருக்கும், 1000 யென் நோட்டா போடுங்க, 10,000 போட்டா மிச்சக் காசு மிஷினுக்குள்ள இருக்கற ஒரு கார்டுல போய் உக்காந்துக்கும், அப்புறம் இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம்னு கை போகும். பட்டன அமுக்கினா குண்டு தட்டுல கொட்டும். வலது கீழ பிடி இருக்கு, அத மெதுவா திருப்பி ஒரு இடத்துல அப்படியே பிடிச்சுக்கணும். குண்டு இடது பக்கமா மேல போய், பலகையில அடிச்சிருக்கற ஆணிங்க நடுவுல இறங்கற மாதிரி வேகம் வெச்சுக்குங்க. நடுவுல கீழ சின்ன ஓட்டை ஒண்ணு, அதுக்கு பேரு ஹெசோ, ஜப்பானிய மொழில தொப்புள்னு அர்த்தம். அதுல குண்டு விழுந்தாத்தான் ஸ்கிரீன்ல எண்கள் சுத்தும். மூணும் ஒண்ணா நின்னா ஜாக்பாட், கீழ பெரிய வாய் திறக்கும், அப்ப பிடிய முழுசா திருப்பி வலது பக்கமா அடிக்கணும், ஸ்கிரீன்லயே அம்புக்குறி காட்டும்.

கிளம்பும்போது திருப்பி தர்ற பட்டன அமுக்கி கார்ட எடுத்து, செட்டில்மென்ட் மிஷின்ல போட்டு மிச்ச காச வாங்கிக்குங்க, அன்னைக்கே. நிறைய டூரிஸ்ட் அத பர்ஸ்ல வெச்சுட்டு ஊருக்கே போயிடறாங்க.

இன்னும் ரெண்டு விஷயம். தட்டுல போன், கர்ச்சீஃப், சிகரெட் பாக்கெட் இருந்தா அந்த சீட்டு ஆள் உள்ளது, உக்காராதீங்க. கீழ உருண்டு கிடக்கற குண்ட பொறுக்கி ஆடாதீங்க. உள்ள போட்டோ வீடியோ எடுக்கறதுக்கும் முக்கால்வாசி கடையில தடை.

தெருமுனை_வக்கீல்:
சட்டத்த பத்தி கேட்டிருந்தீங்களே, அது எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் அதனால நான் சொல்றேன். ஜப்பான் தண்டனைச் சட்டம் 185வது பிரிவுப்படி சூதாட்டம் குற்றம்தான். ஆனா பச்சிங்கோ 1948ல வந்த பொழுதுபோக்குத் தொழில் சட்டத்துக்கு கீழ லைசென்ஸ் வாங்கி நடக்குது, கடை காசா தரக்கூடாது, பரிசுப் பொருள்தான் தரணும். அதனால ஜெயிச்ச குண்டுக்கு கடை உங்களுக்கு பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள சின்னதா ஒரு பொருள் தரும், டோக்கியோவுல அதுக்குள்ள நிஜமாவே துளியூண்டு தங்கம் இருக்கும். அத எடுத்துட்டு வெளிய வந்தா பக்கத்து சந்துலயோ பின்னாடியோ ஒரு குட்டி ஜன்னல், உள்ள இருக்கற ஆள் முகம் கூட தெரியாது, அதுல நீட்டினா காசு வரும். அந்த ஜன்னல் கடைக்கு சொந்தம் இல்ல, வேற கம்பெனி. அது வாங்கின பொருள மூணாவதா ஒரு மொத்த வியாபாரி வாங்கி மறுபடி கடைக்கே விப்பார். மூணு கடை முறைன்னே இதுக்கு பேரு. போலீஸ் பிரச்சனை உங்களுக்கு வராது, லட்சக்கணக்கான பேர் தினமும் செய்யறதுதான். ஆனா கடை ஊழியர்கிட்ட ஜன்னல் எங்கன்னு கேட்டா தெரியாதுன்னுதான் சொல்வாங்க, அவங்க அப்படித்தான் சொல்லியாகணும், கோவிச்சுக்காதீங்க. கையில பெட்டியோட போற பெரியவங்க பின்னாடியே நடந்தா இடம் வந்துடும்.

டோக்கியோவுல பல கடையில 100 யென்னுக்கு 25 குண்டு தருவாங்க, திரும்ப மாத்தும்போது 28 குண்டுக்குத்தான் 100 யென். அதாவது நீங்க ஆடவே இல்லன்னாலும் பத்துல ஒரு பங்கு போச்சு. இத யாரும் வீடியோவுல சொல்றதில்ல.

கணக்கு_டீச்சர்:
மேல நிஷிகசாய் அண்ணன் ரேட் சொன்னாரு, நான் வாய்ப்பையும் சேர்த்து சொல்லிடறேன், ஏன்னா இது தெரியாம போகவே கூடாது. மிஷின்ல வாய்ப்பு எழுதியே இருக்கும். பெரிய பரிசு தர்ற மிஷின்ல ஒவ்வொரு சுத்துக்கும் 319ல 1. 250 குண்டுக்கு தொப்புள்ல விழுந்து சுத்தறது சுமாரா 17 தடவை. அப்ப 4 யென் ரேட்ல 1000 யென் போட்டா ஜாக்பாட் விழ வாய்ப்பு நூத்துக்கு 5 சொச்சம்தான், சராசரியா முதல் ஜாக்பாட்டுக்கே 18,000 யென்னுக்கு மேல இறக்கணும். நம்ம காசுல பத்தாயிரத்த தொடும். அதே 1 யென் பகுதியில 99ல 1 வாய்ப்பு உள்ள மிஷினா பாத்து உக்காந்தீங்கன்னா, 1000 யென்னுக்கு 68 சுத்து மாதிரி வரும், ஒரு தடவையாவது அடிக்க கிட்டத்தட்ட பாதிக்கு பாதி வாய்ப்பு. பரிசு சின்னதுதான், ஆனா அந்த வாய் திறந்து குண்டு கொட்டறத பாத்துடலாம், நீங்க போறதே அதுக்குத்தானே. சான்யோ கம்பெனியோட கடல் மிஷின், ஊமி மோனோகாதாரின்னு பேரு, திரையில மீன், ஆமை, நண்டுன்னு ஓடும், பாஷை தெரியாதவங்களுக்கு அதுதான் சுலபம், ரெண்டு ஒண்ணா நின்னு மூணாவது மெதுவா வரும்போது நமக்கே புரிஞ்சிடும்.

ஊர்_திரும்பியவன்:
எல்லாரும் நல்லா சொல்லிருக்காங்க, நான் வேற ஒண்ணு சொல்றேன், யாரையும் பயமுறுத்த இல்ல. 2014ல இருந்து நாலு வருஷம் நகோயா பக்கம் வேலை பாத்தேன். நகோயாதான் பச்சிங்கோவுக்கே தாய்வீடு மாதிரி, போருக்கு அப்புறம் ஆணிய எப்படி அடிச்சா ஆட்டம் சுவாரசியமா இருக்கும்னு மசமுரா டகேயிச்சின்னு ஒருத்தர் அங்கதான் கண்டுபிடிச்சாரு, அந்த வடிவம்தான் ஊர் முழுக்க பரவுச்சு. என் கூட ரூம்ல இருந்த பையன், தஞ்சாவூர் பக்கம், நல்ல உழைப்பாளி, முதல் நாள் 1000 யென் போட்டு 30,000 யென் எடுத்தான். அன்னைக்கு ராத்திரி எங்க எல்லாருக்கும் சாப்பாடு வாங்கி குடுத்தான். அதுதான் அவனுக்கு வந்த கேடு. அடுத்த எட்டு மாசம் சம்பளம் வந்த அன்னைக்கே பாதி போயிடும், தங்கச்சி கல்யாணத்துக்கு வெச்சிருந்த பணமும் போச்சு, நாங்க மூணு பேர் சேர்ந்து அவன ஊருக்கு டிக்கெட் போட்டு அனுப்பினோம். அவங்க அம்மா போன் பண்ணி என்னப்பா ஆச்சுன்னு கேட்டப்ப என்னால பதில் சொல்ல முடியல, இப்பவும் அத நினைச்சா நெஞ்சு அடைக்குது. ஜப்பான்லயே 2017ல அரசு எடுத்த கணக்குல வாழ்க்கையில ஒரு கட்டத்துல சூதாட்ட அடிமையா இருந்திருக்கலாம்னு சந்தேகப்பட்டவங்க பெரியவங்கள்ல 3.6 சதவீதம், அதுல அதிகமா காசு போனது பச்சிங்கோவுலதான். 1995ல 18,000 கடைக்கு மேல இருந்தது இப்ப 7,000க்கும் கீழ வந்துடுச்சு, இளசுங்க வர்றதில்ல, ஆனாலும் உள்ள உக்காந்திருக்கறவங்க முகத்த ஒரு நிமிஷம் பாருங்க.

கோவைக்காரரே, நீங்க தோத்தா எனக்கு கவலை இல்ல. முதல் நாளே ஜெயிச்சா அன்னைக்கே நிறுத்திடுங்க, தம்பிகிட்டயும் முன்னாடியே சொல்லி வைங்க.

கோவை_பயணி:
அண்ணே, படிச்சுட்டு மனசு கனத்துப் போச்சு. தம்பிக்கும் அனுப்பிட்டேன். ஆளுக்கு 2000 யென், 1 யென் பகுதி, அவ்வளவுதான்னு பேசி வெச்சாச்சு. பையன்தான் பாவம், அவனுக்கு ஏதும் வழி இருக்கா?

ஒசாகா_அக்கா:
தம்பி, பையனுக்கு கேம் சென்டர் இருக்கு, டிரம் அடிக்கறது, பொம்மை பிடிக்கறது எல்லாம் அங்கதான், காசு போறதும் தெரியாது நேரம் போறதும் தெரியாது, அதுக்கும் ஒரு அளவு வெச்சுக்குங்க. ஒசாகா வர்றீங்கல்ல, ஷின்செக்காய்ல ஸ்மார்ட் பால்னு பழைய ஆட்டம் ஒண்ணு இன்னும் இருக்கு, பச்சிங்கோவ படுக்க வெச்ச மாதிரி கண்ணாடி மேசை, கண்ணாடி குண்டு, ஸ்ப்ரிங்க இழுத்து விட்டா போகும், 100 யென்ல ஆடலாம். சத்தமும் கம்மி. பையன உள்ள விடுவாங்களான்னு வாசல்ல கேட்டுக்குங்க. எனக்கு பச்சிங்கோவ விட இதுதான் உசத்தி, கையால இழுத்து விடறோம்ல, அந்த திருப்தி மிஷின்ல வராது.

கோவை_பயணி:
நேத்துதான் ஊர் வந்து சேர்ந்தோம், சொன்னபடி எழுதறேன். உயேனோ ஸ்டேஷன் பக்கத்துல ஒரு கடை, சாயங்காலம் போனோம். 1 யென் பகுதி ரெண்டாவது மாடி. கடல் மிஷின்லதான் உக்காந்தேன். முதல் 1000 யென் ஒண்ணுமே இல்ல, மீன் வந்து வந்து போகுது. ரெண்டாவது ஆயிரத்துல பாதி போனதுக்கு அப்புறம் மூணு ஆமை ஒண்ணா நின்னுச்சு, எனக்கு கை ஓடல, இடது பக்கமே அடிச்சுட்டு இருக்கேன், பக்கத்து சீட்டு பாட்டி, எழுபது எழுபத்தஞ்சு இருக்கும், என் கைய தட்டி வலது பக்கம் காட்டினாங்க, அப்புறம் எனக்கு குண்டு கொட்ட ஆரம்பிச்சதும் அவங்க ஆட்டத்த நிறுத்திட்டு கைதட்டினாங்க. அந்த ஒரு நிமிஷம் மறக்காது. அவங்க எவ்வளவு நேரமா அங்க இருக்காங்கன்னு தெரியல, நாங்க கிளம்பும்போதும் அங்கயேதான் இருந்தாங்க.

வந்த குண்டு எல்லாம் ஜன்னலுக்கு போற அளவு இல்ல, சாக்லேட்டா வாங்கிட்டேன், பையன் ஹோட்டல்ல வாங்கி தின்னான். கார்டுல தம்பிக்கு 400 யென் மிச்சம், மறக்காம எடுத்தோம்.

ஊர்_திரும்பியவன்:
சந்தோஷம்ங்க. மறுநாள் திரும்ப போனீங்களா?

கோவை_பயணி:
தம்பி போலாம்னான் அண்ணே, நான் ஜெயிச்சதுல அவனுக்கும் ஒரு தடவை அடிக்கணும்னு ஆசை. உங்க பதிவ மறுபடி எடுத்து காட்டினேன். படிச்சுட்டு ஒண்ணும் பேசல, ஒசாகாவுல அந்த 100 யென் கண்ணாடி குண்டு ஆட்டத்துக்கு போலாம்னு அவனே சொன்னான்.