எம்.பி.டி. நியூரோ: இரண்டு ஸீட் கையில் இருக்கிறது, எங்கே சேருவது?

பெரம்பூர்_பிசியோ:

வணக்கம். பி.பி.டி. (பிசியோதெரபி இளநிலைப் படிப்பு) முடித்து மூன்றரை வருடம் ஆகிறது. முதல் ஒரு வருடம் அண்ணா நகரில் ஒரு கிளினிக்கில் இருந்தேன். கழுத்து வலி, முதுகு வலி, முழங்கால் வலி, நாள் முழுக்க அதுதான். அப்புறம் ஹோம் விசிட்டுக்கு மாறினேன். பெரம்பூர், வியாசர்பாடி, கொடுங்கையூர் என்று ஸ்கூட்டியில் ஒரு நாளைக்கு ஐந்து வீடு. பெரும்பாலும் பக்கவாதம் வந்தவர்கள். எம்.பி.டி. நியூரோவுக்கு (நரம்பியல் பிசியோதெரபி முதுநிலைப் படிப்பு) இரண்டு கல்லூரியில் ஸீட் கிடைத்திருக்கிறது. பத்து நாளைக்குள் ஓரிடத்தில் பணம் கட்டியாக வேண்டும்.

கல்லூரிப் பெயர்களைத் தவிர்க்கிறேன். முதலாவது வண்டலூர் தாண்டி இருக்கிற ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம். சொந்தமாகப் பெரிய மருத்துவமனை, நடையை அளந்து ஆராயும் கெயிட் லேப் எல்லாம் உண்டு. வருடத்துக்கு 2.25 லட்சம். இரண்டாவது தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த சின்னக் கல்லூரி. அங்கே ஒரு டில்ட் டேபிள், ஒரு பேரலல் பார், இரண்டு ஸ்டாஃப். நியூரோ போஸ்டிங்குக்கு வடசென்னையில் ஒரு அரசு மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். வருடத்துக்கு 1.10 லட்சம்.

நான் ஏன் படிக்கப் போகிறேன் என்பதையும் சொன்னால்தான் நீங்கள் சரியாகச் சொல்ல முடியும். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் ஒரு ஆட்டோ ஓட்டுநருக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. வயது 52. நான்கு மாதம் போனேன். வராந்தாவில் துணையில்லாமல் நடந்தார். உடல் சமநிலையை மதிப்பிடும் பெர்க் பேலன்ஸ் ஸ்கேலில் 56-க்கு 46. சந்தோஷமாக எழுதி வைத்துவிட்டு வந்தேன். மறுவாரம் அவர் மனைவி சொன்னார்: "ராத்திரி பாயில படுத்தா எழுந்திரிக்க முடியலம்மா. நாலு மாசமா சேர்லயேதான் தூங்குறாரு."

அந்த வீட்டில் கட்டில் கிடையாது. நான்கு மாதமாக அந்தத் தரையில் உட்கார்ந்து அவருடைய காலைப் பிடித்து வேலை செய்திருக்கிறேன், ராத்திரி எங்கே படுக்கிறீர்கள் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. பெர்க்கில் 14 சோதனை இருக்கிறது. நாற்காலியிலிருந்து எழுவது உண்டு, தரையில் கிடக்கும் பொருளை எடுப்பதுகூட உண்டு. தரையிலிருந்து ஆள் எழுவது இல்லை. அதற்குப் பிறகு நானாகவே ஒரு வரிசை அமைத்தேன்: ஒருக்களித்து உட்காருவது, முட்டி போடுவது, இடது பாதத்தை முன்னால் ஊன்றி இடது கையால் ஸ்டூலை அழுத்தி எழுவது. ஆறு வாரத்தில் வந்துவிட்டது. ஆனால் அது சரியான வரிசையா, இன்னொருவருக்கும் பொருந்துமா, தெரியவில்லை. தீசிஸே அதில் செய்ய ஆசை.

முதல் கல்லூரியில் ஹெச்.ஓ.டி. கெயிட் லேபில் செய்யக்கூடிய தலைப்பாகப் பார்க்கச் சொன்னார். இரண்டாவதில் கைடு மேடம் அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "எழுதிக்கொண்டு வாம்மா, பார்க்கலாம்" என்றார். அப்பா ஐ.சி.எஃப்.பில் இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய கல்லூரிப் பெயர் கடைசிவரை கூட வரும் என்கிறார். அவர் சொல்வதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நியூரோ_வார்டு:

வாழ்த்துகள் தங்கச்சி. நான் 2016-ல் எம்.பி.டி. நியூரோ முடித்தேன்.

நீ மூன்றாம் மாதத்துக்குப் பிந்தைய பக்கவாதத்தைத்தான் பார்த்திருக்கிறாய். ஸ்ட்ரோக் வந்து இரண்டாம் நாள், கை துணி மாதிரி தொங்கும்போது தோளை எப்படிப் பிடிப்பது, எப்போது உட்கார வைப்பது, உறவினர்கள் கையைப் பிடித்து இழுக்காமல் எப்படித் தூக்கச் சொல்வது, இதெல்லாம் வார்டில்தான் வரும். நரம்பு பாதித்துக் கைகால் தளரும் ஜி.பி. சிண்ட்ரோம், முதுகுத்தண்டு அடிபட்டவர்கள், பார்க்கின்சன் எல்லாமும் அங்கேதான். வீடு வீடாகப் போனால் இந்த முதல் பதினைந்து நாள் கண்ணிலேயே படாது.

அதனால் இரண்டு இடத்துக்கும் ஒரு திங்கட்கிழமை காலை 9 மணிக்குப் போ. யாரிடமும் சொல்லாமல் ஓ.பி.யில் நில். நோயாளி மேல் கை வைப்பது யார் என்று பார். இரண்டாம் வருடப் பி.ஜி. யாராவது கிடைத்தால் லாக் புக்கைக் காட்டச் சொல். எங்கள் வெளிப் போஸ்டிங்கில் மூன்று மாதம் நோட்டுப் புத்தகத்தோடு ஓரமாக நின்றோம், தொட விடவில்லை. அந்த மூன்று மாதம் போனது போனதுதான். அரசு மருத்துவமனை என்றால் கேஸுக்குக் குறைவிருக்காது. பி.ஜி.க்கு அங்கே வேலை கொடுக்கிறார்களா, எத்தனை மாதம் என்று எழுத்தில் கேள்.

கெயிட் லேபை ஒதுக்கிவிடாதே. நடக்கும்போது முட்டி ஏன் மடங்கவில்லை, எந்தத் தசை எந்த நேரத்தில் தப்பாக இறுகுகிறது என்று ஒரு முறை அதில் பார்த்துவிட்டால், அப்புறம் வெறும் கண்ணாலேயே பிடித்துவிடலாம். எனக்கு அது உதவியது.

வீடுதேடி:

நான் மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோவாக இருக்கிறேன். 2021 ஆகஸ்டில் திட்டம் தொடங்கியதால்தான் படுக்கையோடு கிடந்த பலரின் வீட்டுக்கு முதன்முதலாக ஒரு பிசியோ போக முடிந்தது. பாய் விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. இந்தியன் டாய்லெட்டும் அப்படித்தான். அதை யாராவது ஒழுங்காக ஆராய்ந்து எழுதினால் என் மாதிரி ஆட்களுக்கு நாளைக்கே பயன்படும்.

பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். இரண்டு வருடத்துக்கு வித்தியாசம் 2.30 லட்சம். கல்விக்கடன் வாங்குவதாக இருந்தால் பிணை என்ன கேட்பார்கள் என்று வங்கியில் முதலிலேயே கேளுங்கள். அப்புறம் பயணம். பெரம்பூரிலிருந்து சென்ட்ரல், ரோட்டைக் கடந்து பார்க் ஸ்டேஷன், அங்கிருந்து செங்கல்பட்டு வண்டி. போக வர நாலு மணி நேரம் போய்விடும். சாயங்காலம் ஒரு வீடுகூடப் பார்க்க முடியாது. பக்கத்துக் கல்லூரி என்றால் இரண்டு வீடு பார்க்கலாம், அந்த வருமானமும் நிற்காது, நோயாளிகளும் விட்டுப் போக மாட்டார்கள்.

பழைய_வாத்தியார்:

பதினெட்டு வருடமாகப் பாடம் நடத்துகிறேன். அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது அம்மா. நேர்முகத் தேர்வில் கல்லூரிப் பெயர் முதல் ஐந்து நிமிடம் உதவும்.

தீசிஸைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எம்.பி.டி. இரண்டு வருடம் என்பது பெயருக்குத்தான். தலைப்பு முடிவாகி, எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் வாங்கி, சிகிச்சை ஆய்வு என்றால் முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே சி.டி.ஆர்.ஐ. என்கிற மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்து, அப்புறம்தான் வேலை தொடங்கும். கடைசி சில மாதம் எழுத்துக்கும் தேர்வுக்கும் போய்விடும். நோயாளிகளைப் பார்க்க மிஞ்சுவது ஒரு வருடத்துக்கும் குறைவு. ஆகையால் "தலைப்பு தருவீர்களா" என்று கேட்பதைவிட "என் நோயாளிகள் எங்கிருந்து வருவார்கள்" என்று கேளுங்கள். லைப்ரரியில் கடந்த மூன்று வருடத் தீசிஸ்களை எடுத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

உங்கள் கேள்வி நல்ல கேள்வி. பெர்க் ஸ்கேல் கனடாவில் முதியவர்களுக்காக 1989-ல் வந்தது. கட்டிலும் நாற்காலியும் உள்ள வீட்டை வைத்து யோசித்தது. பிரேசிலின் ஆராவுஹோ குழுவின் சிட்டிங்-ரைசிங் டெஸ்டையும் படியுங்கள். தரையில் உட்கார 5, எழ 5, மொத்தம் 10. கையோ முழங்காலோ ஊன்றினால் ஒவ்வொன்றுக்கும் 1 குறையும், தடுமாறினால் அரை குறையும். பக்கவாதக்காரர் ஊன்றாமல் எழ முடியாது என்பதால் அது அப்படியே பொருந்தாது. உங்கள் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

பெரம்பூர்_பிசியோ:

எல்லோருக்கும் நன்றி. அக்கா சொன்னபடி இரண்டு இடத்துக்கும் போய் நின்றேன்.

முதல் கல்லூரி உண்மையிலேயே நல்ல கல்லூரி. இரண்டாம் வருடப் பெண் ஒருத்தி, ஸ்ட்ரோக் வந்து மூன்றாம் நாள் ஆன பெரியவரைத் தனியாகவே உட்கார வைத்தாள். ஸ்டாஃப் பின்னால் நின்று பார்த்துவிட்டு அவளுடைய பிடியை மட்டும் திருத்தினார். எனக்குப் பொறாமையாக இருந்தது. வாத்தியார் ஐயா சொன்ன கேள்வியை ஹெச்.ஓ.டி.யிடம் கேட்டேன். தரையிலிருந்து எழுவதையே எடுத்துக்கொள், ஆனால் நோயாளிகள் இங்கே வர வேண்டும் என்றார். வியாசர்பாடி மூன்றாம் மாடியிலிருந்து ஒருவரை வண்டலூர் தாண்டி வாரத்துக்கு மூன்று முறை வரவைக்க என்னால் முடியாது.

அடுத்து, இரண்டாவது கல்லூரி அனுப்புகிற அரசு மருத்துவமனை வார்டு. பி.ஜி.க்கள் நிற்கவில்லை, வேலை செய்கிறார்கள். லாக் புக்கில் ஒரு மாதப் பக்கங்களைப் புரட்டினேன், முக்கால்வாசி ஸ்ட்ரோக். ஆறு மாதப் போஸ்டிங் என்று கடிதத்தையும் காட்டினார்கள். கட்டில்களுக்கு நடுவே தரையில் பாய் விரித்துக் கூட இருப்பவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். டிஸ்சார்ஜ் ஆனால் நோயாளியும் அந்தப் பாய்க்குத்தான் போகப் போகிறார். அவர்களில் பாதிப் பேர் என் ஸ்கூட்டி போகிற தெருக்காரர்கள்.

இரண்டாவது கல்லூரியில் நேற்று பணம் கட்டிவிட்டேன். அப்பா கூடவே வந்தார். கெயிட் லேப் இல்லாதது குறைதான், அக்கா. ஏதாவது பயிலரங்கு வந்தால் சொல்லுங்கள், வந்து கற்றுக்கொள்கிறேன்.

வாத்தியார் ஐயாவிடம் ஒரு கேள்வி. ஆட்டோக்காரர் வீட்டு ஸ்டூலை அளந்தேன், 45 சென்டிமீட்டர். கொடுங்கையூர் அம்மா வீட்டில் 28 சென்டிமீட்டர் மணைதான் இருக்கிறது, இன்னொரு வீட்டில் ஊன்ற ஜன்னல் கம்பி மட்டும். மதிப்பெண் போடும்போது எல்லோருக்கும் ஒரே ஸ்டூலை நானே எடுத்துப் போவதா, அந்தந்த வீட்டில் இருப்பதை வைத்தே உயரத்தைக் குறித்துக்கொள்வதா?