25 கற்களும் ஒரு புத்தகமும்: ரூன் படிக்கத் தொடங்கிய மூவரின் அனுபவம்

நார்வேயின் பெர்கனுக்கு வேலைக்கு வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு கடையில் ரூன் கற்கள், அதாவது வட ஐரோப்பாவின் பழைய எழுத்துகளைப் பொறித்த குறி பார்க்கும் கற்கள் வாங்கினேன். துணிப்பையில் 25 கற்கள், கூடவே ஒரு சின்னப் புத்தகம். ஒரு கல்லில் மட்டும் எழுத்தே இல்லை. அது வட ஐரோப்பியப் புராணக் கடவுள் ஓடினின் ரூன், பழங்கால மரபு என்று புத்தகம் சொன்னது. நம்பினேன். தினமும் காலையில் ஒரு கல்லை எடுத்து, அதற்குரிய பக்கத்தைப் படித்து நோட்டில் எழுதிவந்தேன்.

அப்புறம் பெர்கனின் பழைய துறைமுகப் பகுதியான பிரிகனில் உள்ள அருங்காட்சியகத்துக்குப் போனேன். 1955ல் அந்தத் துறைமுகப் பகுதி தீப்பிடித்த பிறகு தோண்டியதில் சுமார் 670 ரூன் பொறிப்புகள் கிடைத்தன. பல வெறும் மரக்குச்சிகள். சரக்குக்குச் சொந்தக்காரர் பெயர், பிரார்த்தனை, ஒரு பெண் யாரையோ வீட்டுக்குப் போகச் சொன்ன சேதி. அந்தக் குச்சிகளின் முன்னால் வெகுநேரம் நின்றேன். என் புத்தகத்தில் இப்படி ஒரு மனிதர்கூட இல்லையே என்று வருத்தமாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். ஸ்வீடனின் காட்லாந்துத் தீவில் கிடைத்த கில்வர் கல்லில் ரூன் வரிசை முழுதாக இருக்கிறது. சுமார் கி.பி. 400ஐச் சேர்ந்தது, 24 எழுத்துகள். வெற்றுக் கல் 1980களில் வந்த பழக்கம்.

இன்னொன்று தெரிந்தபோது இதைவிட அதிர்ந்தேன். அந்த 24 எழுத்து வரிசைக்கென்றே அர்த்தம் சொல்லும் அந்தக் காலத்து நூல் எதுவும் நம்மிடம் இல்லை. மிஞ்சியவை பிற்கால ரூன் வரிசைகளுக்கான ரூன் கவிதைகள், அதாவது ஒவ்வொரு எழுத்தின் பெயரையும் சில வரிகளில் பாடுபவை. நார்வே, ஐஸ்லாந்துக் கவிதைகள் 16 எழுத்துகளைப் பாடுகின்றன, பழைய ஆங்கிலக் கவிதை 29ஐ. அவையும் ஒத்துப்போவதில்லை. 'செல்வம்' என்ற முதல் எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலக் கவிதை அது எல்லோருக்கும் ஆறுதல், தாராளமாகக் கொடு என்கிறது. நார்வேக் கவிதை அது உறவினர்களுக்குள் சண்டை மூட்டும் என்கிறது. ஒரு புத்தகம் 'செழிப்பு' என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டால் இந்தச் சண்டை நமக்குத் தெரியாமலே போய்விடும். அதனால் இப்போது புத்தகம் வாங்கும்முன் ஒன்றை மட்டும் பார்க்கிறேன்: அர்த்தம் எந்தக் கவிதையிலிருந்து, எந்தக் கல்லிலிருந்து வந்தது என்று சொல்கிறதா? எழுத்துகளுக்கு ரூன் ஆய்வாளர் ஆர். ஐ. பேஜின் நூல்கள், எட்டா என்ற பழைய ஐஸ்லாந்துப் புராணப் பாடல்களுக்கு கரோலின் லாரிங்டனின் ஆங்கில மொழிபெயர்ப்பு. இந்த இரண்டையும் யாருக்கும் தயங்காமல் சொல்வேன்.

* * *

எனக்கு நேர்ந்தது வேறு. நான் வாங்கிய புத்தகத்தில் 18 ரூன்கள்தான் இருந்தன. மிகத் தொன்மையானது என்று அட்டையிலேயே போட்டிருந்தார்கள். வியன்னாவின் குய்டோ ஃபான் லிஸ்ட் என்ற எழுத்தாளர் 1908ல் வெளியிட்ட வரிசை அது என்று பிறகு தெரிந்தது. அவருடைய இனவாதக் கருத்துகளும் அதோடு சேர்ந்தே வருகின்றன. 18 என்ற எண்ணைப் பார்த்தால் தயவுசெய்து பின்புலத்தை விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

* * *

நான் வழிபாட்டுக்காகவே படிப்பவள். எகில் என்ற வீரனைப் பற்றிய பழைய ஐஸ்லாந்துக் கதையான எகில் சகாவில் ஒரு காட்சி வரும். நோயில் கிடக்கும் பெண்ணின் படுக்கையில் திமிங்கல எலும்பு ஒன்று. காதலுக்காக ஒருவன் தப்புத்தப்பாகச் செதுக்கிய ரூன்கள் அதில். எகில் அவற்றைச் சுரண்டி எரித்துவிட்டு, சரியாகச் செதுக்கி அவள் தலையணைக்குக் கீழே வைக்கிறான். படிக்கத் தெரியாதவன் ரூன் செதுக்கக்கூடாது என்று ஒரு பாட்டும் சொல்கிறான். அதைப் படித்த நாளிலிருந்து நான் அவசரப்படுவதில்லை, வாரம் ஒரே எழுத்துதான். இந்த வாரம் 'இஸ்', பனிக்கட்டி. நார்வேக் கவிதை அதை அகலமான பாலம் என்கிறது. ஐஸ்லாந்துக் கவிதையோ ஆற்றின் மரப்பட்டை, அலையின் கூரை என்கிறது. இரண்டையும் நோட்டில் எதிரெதிர்ப் பக்கங்களில் எழுதி வைத்திருக்கிறேன்.