வால்வு கவுன்டர் சூடானதும் 10000-க்குப் பதில் 8334 காட்டுகிறது, எங்கே தேடுவது?

கிரிட்லீக் (கேள்வி)

1950-களின் வால்வு (வெற்றிடக் குழாய்) கவுன்டர், நேர இடைவெளி அளக்கும் வகை. உள்ளே 100 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல். முகப்பில் 6 பத்தி, பத்திக்கு 0 முதல் 9 வரை 10 நியான் பல்பு, பின்னால் ஒவ்வொரு பத்திக்கும் நாலு 5963 வால்வு.

செக் நிலையில் (மெஷின் தன் கிரிஸ்டலையே எண்ணிப் பார்க்கும் சோதனை நிலை) 0.1 விநாடி கேட் (பல்ஸ்களை எண்ண விடும் நேரம்) வைத்தால் 10000 வர வேண்டும். ஆன் செய்து அரை மணி நேரம் வரை அப்படியே வருகிறது. அதற்குப் பிறகு 8334. எப்போதாவது 8335. தட்டினாலும் வால்வை அசைத்தாலும் மாறுவதில்லை. கிரிஸ்டல் விலகிவிட்டதா? அப்படியென்றாலும் ஆறில் ஒரு பங்கா விலகும்?

இன்னொன்று. 1 வோல்ட் உச்சம் உள்ள 100 ஹெர்ட்ஸ் சைன் அலையை ஸ்டார்ட், ஸ்டாப் இரண்டுக்கும் கொடுத்தால் கடைசி இலக்கம் ஒவ்வொரு முறையும் 3, 4 ஆடுகிறது. 8334 வருவதற்கு முன்பே, மெஷின் சூடாகாதபோதும் இப்படித்தான். இது தனிக் கோளாறா?

வால்வுப்பெட்டி

கிரிஸ்டலைத் தொடாதீர்கள். செக் நிலையில் எண்ணப்படுவதும் அந்த 100 கிலோஹெர்ட்ஸ்தான், கேட்டைத் திறந்து மூடுவதும் அதையே வகுத்து எடுத்த பல்ஸ்தான். கிரிஸ்டல் எவ்வளவு விலகினாலும் இரண்டும் சேர்ந்தே விலகும், விடை 10000 ஆகவே நிற்கும். அதனால் செக் நிலை சரியாக வருவதை வைத்து அதிர்வெண் சரி என்று நம்புவதும் தப்பு. எண்ணும் பகுதி ஒழுங்காக எண்ணுகிறது என்பதற்கு மட்டுமே அது சாட்சி.

கேட் பக்கத்து வகுப்பியும் காரணமில்லை. அது 10-க்குப் பதில் 9-ஆல் வகுத்தால் 9000 வரும், 11-ஆல் வகுத்தால் 11000 வரும். 8334 மாதிரி உதிரி எண் வராது.

இப்போது கணக்கைப் பாருங்கள். 10000-ஐ 12-ஆல் வகுத்தால் ஈவு 833, மீதி 4. சேர்த்து எழுதினால் 8334. உங்கள் ஒன்றுகள் பத்தி 10-க்கு ஒருமுறை அல்ல, 12-க்கு ஒருமுறை அடுத்த பத்திக்குக் கடத்துகிறது. பத்துகள் பத்தியில் இதே கோளாறு இருந்திருந்தால் 8340, நூறுகள் பத்தியில் என்றால் 8400.

ஏன் 12? ஒரு பத்தியில் இருப்பது நாலு ஃபிளிப்-ஃபிளாப் (இரண்டு நிலைகளில் ஒன்றில் நிற்கும், பல்ஸ் வந்தால் மறு நிலைக்குப் புரளும் சுற்று): ஏ, பி, சி, டி. எக்கிள்ஸும் ஜோர்டனும் 1918-இல் காப்புரிமை கேட்ட அதே சுற்றுதான், ஒவ்வொன்றுக்கும் ஒரு இரட்டை டிரையோடு (ஒரே கண்ணாடிக்குள் இரண்டு வால்வு). ஒன்று அணையும்போது அடுத்ததைப் புரட்டும். சும்மா விட்டால் 16 வரை எண்ணும். பத்தில் நிறுத்த 6 நிலைகளைத் தாண்டியாக வேண்டும். அதற்கு ஒரு தந்திரம்: 8-ஆவது பல்ஸில் டி எரிந்த உடனே அதன் பிளேட்டிலிருந்து (வால்வின் வெளியீட்டு முனை) ஒரு பல்ஸ் திரும்பி வந்து பி-யையும் சி-யையும் எரிய வைக்கும். பி-யால் 2, சி-யால் 4, ஆக 6 தாண்டியாயிற்று. 8 என்பது உள்ளே 14, 9 என்பது 15, பத்தாவது பல்ஸில் எல்லாம் பூஜ்யம்.

சி-க்குப் போகும் ஃபீட்பேக் (அந்தத் திரும்பி வரும் பல்ஸ்) வேலை செய்து பி-க்குப் போவது மட்டும் தவறினால் 4 மட்டுமே தாண்டும். 16-இல் 4 போக 12. மறுபுறம் பி சரி, சி தவறு என்றால் 14. செக் நிலையில் 7144 வரும். இரண்டுமே போனால் 16, அப்போது 6250. சில தயாரிப்புகளில் ஃபீட்பேக்கை வேறு இடங்களில் பிரித்துக் கொடுத்திருப்பார்கள், அதனால் உங்கள் மெஷினின் சர்க்யூட்டில் டி-யிலிருந்து கோடு எங்கே போகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளேட்கரண்ட்

மேலே சொன்னது சரியா என்று கையாலேயே சோதிக்கலாம். மெஷின் சூடாகி 8334 காட்டும் நிலையில், ஒன்றுகள் பத்திக்கு ஒவ்வொரு பல்ஸாகக் கொடுங்கள். வெறும் சுவிட்ச் வேண்டாம். அதன் முனைகள் துள்ளுவதால் ஒரு தட்டுக்கு ஐந்தாறு எண்ணும். 1 ஹெர்ட்ஸ் சதுர அலை போதும். 7 வரை ஒழுங்காக ஏறி, 8-இல் இரண்டு பல்பு அரைகுறையாக எரிந்தாலோ எதுவுமே எரியாவிட்டாலோ இதே கோளாறுதான். பல்புகளை ஓட்டும் ரெசிஸ்டர் பின்னலுக்கு 12, 13 என்ற நிலைகள் தெரியாது, அதனால்தான் தடுமாறும். நல்ல இருட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டாம், பழைய நியான் இருட்டில் பற்றவே தாமதமாகும். அதைக் கோளாறு என்று நினைத்து அலைய நேரும்.

பிறகு இந்த வரிசையில் போங்கள்.

முதலில் வால்வு. பி-யின் 5963-ஐ நூறுகள் பத்தியின் பி-யோடு இடம் மாற்றுங்கள். 8334 போய் 8400 வந்தால் வால்வுதான், வேலை முடிந்தது.

மாறவில்லை என்றால் மின்சாரத்தை எடுத்துவிட்டு, பெரிய கன்டென்சர்களை 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாக 10 விநாடி வடிய விடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம். மீட்டரில் வோல்ட் இறங்கியதைப் பார்த்த பிறகே கை வையுங்கள். இனி பி-யின் இரண்டு பிளேட் ரெசிஸ்டர்களை அளந்து ஒப்பிடுங்கள். குறித்த மதிப்பைவிட இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதே முக்கியம். 5 சதவீதத்துக்குள் இருக்கட்டும். அடுத்து ஒரு பிளேட்டிலிருந்து மறு கிரிட்டுக்கு (வால்வைக் கட்டுப்படுத்தும் முனை) குறுக்கே போகும் இரண்டு ரெசிஸ்டர். கடைசியாக டி-யிலிருந்து வரும் ஃபீட்பேக் பாதை: ஒரு சின்ன மைக்கா கன்டென்சர், தொடரில் ஒரு ரெசிஸ்டர். அந்தக் காலத்துக் கார்பன் ரெசிஸ்டர் வயதாக ஆக மேலேதான் ஏறும். ஒரு முனையைக் கழற்றித்தான் அளக்க வேண்டும்.

பத்தி முழுக்க வேகம் குறைந்துபோனதுதான் காரணமாக இருந்தால் பி அல்ல, சி-தான் முதலில் தவறியிருக்கும் என்பது என் கணிப்பு. 8-ஆவது பல்ஸில் பி முதலில் அணைகிறது, அடுத்து சி, அதன் பிறகே டி எரிகிறது. ஃபீட்பேக் திரும்பி வரும்போது பி ஓரளவு நிலைத்திருக்கும், சி இப்போதுதான் புரண்டிருக்கும். பி தவறுகிறது என்றால் அதன் சொந்தப் பாகத்திலோ அதற்கு வரும் பாதையிலோதான் சிக்கல்.

ஸ்கோப் (அலையைத் திரையில் காட்டும் கருவி) வைப்பவர்கள் கவனிக்க: அதன் 10 மடங்கு ப்ரோப்பிலேயே 10 பிகோஃபாரட் அளவு இருக்கும். கிரிட்டில் வைத்தால் ஃபீட்பேக் பல்ஸையே அது விழுங்கிவிடும், நல்ல பத்தியும் தவறும். பிளேட்டில் வையுங்கள்.

மூன்றாம்கிரிட்

வால்வு பற்றி ஒரு எச்சரிக்கை. 5963 கிடைக்காமல் 12ஏயூ7 போடுகிறார்கள். பின் அமைப்பு ஒன்றுதான், போட்டதும் ஓடும். ஆனால் ஃபிளிப்-ஃபிளாப்பில் ஒரு பாதி மணிக்கணக்கில் அணைந்தே கிடக்கும், ஹீட்டர் மட்டும் எரியும். கேத்தோடு (எலக்ட்ரான் உமிழும் முனை) நிக்கலில் சிலிக்கான் இருந்தால் அந்த நிலையில் நிக்கலுக்கும் ஆக்சைடுக்கும் நடுவில் பேரியம் சிலிக்கேட் படலம் ஒன்று உருவாகும். டெஸ்டரில் 'நல்லது' என்று காட்டும், பல்ஸ் கொடுத்தால் சோம்பும். 5963 இந்த வேலைக்காகவே செய்யப்பட்டது. உங்கள் கோளாறு இது இல்லை என்று நினைக்கிறேன், ஏனென்றால் படலத்தின் தடை சூட்டில் குறையும்; அப்படிப்பட்ட மெஷின் ஆன் செய்ததும் தவறி, சூடானதும் திருந்தும்.

3, 4 ஆடுவது கோளாறே இல்லை. ஸ்டார்ட் சிக்னல் ஒரு ஷ்மிட் டிரிகரை (சிக்னல் குறித்த மட்டத்தைத் தாண்டியதும் சட்டென்று மாறும் சுற்று) தட்டுகிறது, அது கேட் ஃபிளிப்-ஃபிளாப்பைப் புரட்டுகிறது, அது 6ஏஎஸ்6 வால்வின் மூன்றாம் கிரிட்டைத் திறந்துவிடுகிறது, முதல் கிரிட்டில் காத்திருக்கும் 100 கிலோஹெர்ட்ஸ் உள்ளே ஓடுகிறது. ஸ்டாப் வந்தால் மூடுகிறது. ஒரு எண் என்பது 10 மைக்ரோ விநாடி. 1 வோல்ட் உச்சம் உள்ள 100 ஹெர்ட்ஸ் சைன் அலை பூஜ்யத்தைக் கடக்கும்போது விநாடிக்கு 628 வோல்ட் வேகத்தில்தான் ஏறுகிறது. டிரிகரின் உள்ளீட்டில் 20 மில்லிவோல்ட் இரைச்சல் இருந்தால் டிரிகர் ஆகும் நேரம் 32 மைக்ரோ விநாடி நகரும், அதாவது 3 எண். எந்த டிஜிட்டல் கவுன்டருக்கும் உள்ள கூடக்குறைய 1 அதன் மேல். சைனை 10 மடங்கு பெருக்கிக் கொடுங்கள், அல்லது சதுர அலையாக்குங்கள், அடங்கிவிடும்.

டிரிகர் மட்டத்தைச் சரிபார்க்க: ஸ்டார்ட் ஏறும் சரிவிலும் ஸ்டாப் இறங்கும் சரிவிலும் வைத்தால் 100 ஹெர்ட்ஸுக்கு 500 வர வேண்டும். சரிவுகளை மாற்றி வைத்து மறுபடி அளங்கள். 480, 520 என்று வந்தால் கூட்டுத்தொகை 1000 சரி, டிரிகர் மட்டம்தான் நடுவில் இல்லை.

கிரிட்லீக்

வால்வை மாற்றியும் 8334 அப்படியே இருந்தது. பிளேட் ரெசிஸ்டர்கள், குறுக்கு ரெசிஸ்டர்கள் எல்லாம் ஒத்துப்போகின்றன. டி-யிலிருந்து பி-க்கு வரும் தொடர் ரெசிஸ்டர்தான்: குறித்தது 47 கிலோ ஓம், அளந்தால் 63. ஹேர் டிரையர் காட்டினால் 70-ஐத் தாண்டுகிறது. 47 கிலோ ஓம் மெட்டல் ஃபிலிம் போட்டாயிற்று. மூன்று மணி நேரமாக 10000, இடையிடையே 9999. மற்ற ஐந்து பத்திகளிலும் அதே ரெசிஸ்டரை மாற்றலாமா?

பிளேட்கரண்ட்

55-ஐத் தாண்டியதை மட்டும் மாற்றுங்கள். நன்றாக ஓடும் பத்தியில் சூட்டுக்கோலை வைத்தால் சாக்கெட் தகடுதான் பெயர்ந்து வரும். மாற்றும்போது கால்களை நீளமாக விடாதீர்கள், கிரிட் பக்கத்து ஒயர் பக்கத்து பிளேட் ஒயரோடு ஒட்டி ஓடினால் வேறு கோளாறு வரும்.